நீள மேடு இருக்கிற பக்கம்

கெஸ்லர் கேப்பில் பட்டப்பகலில் ஒரு வீடு பற்றிக்கொண்டால் ஓடிவர ஆள் கிடையாது. ஆண்களில் பாதிப் பேருக்கு நெடுஞ்சாலை ஓரத்துக் கிடங்குகளில் வேலை, மீதிப் பேர் லாரியோடு ஒஹாயோ மாநிலத்துப் பக்கம் எங்கேயாவது போய்க்கொண்டிருப்பார்கள். தீ என்று இடுப்பில் பேஜர் அலறும். அலறி என்ன, வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். அந்த மாதிரி ஊரில் பகலில் கூப்பிட்டால் வந்து நிற்கிறவள் கிளெண்டா ரைட்ஸ். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். பிள்ளைகள் சாப்பிட்டுத் தட்டெல்லாம் கழுவி அடுக்கிவிட்டால் மிச்சப் பகல் அவளுக்குச் சொந்தம்.

ஊர்த் தொண்டர் தீயணைப்புப் படைக்கு அவள் ரொம்ப வருஷமாக உழைத்தவள்தான், ஆனால் அடுப்படியில். வண்டிக்கு டயர், டீசல், புதுக் குழாய் எல்லாமே பிங்கோ ஆட்டத்திலும் சிக்கன் பாட்பை விருந்திலும் வருகிற காசில்தான். பாட்பை என்றால் கோழிக்கறியை மாவோடு சேர்த்துச் சமைப்பது. அந்த மாவைப் பிசைவது அவள் கை. நாற்பத்தாறு வயது வரைக்கும் அப்படித்தான் போனது.

ஒரு மார்ச் மாதம் அவள் பக்கத்து வீட்டுப் புகைபோக்கி பற்றிக்கொண்டது. வண்டியோடு வந்து இறங்கியவன் கர்ட்டிஸ் ஸெர்பி ஒருத்தன் மட்டும். படைக்குப் பயிற்சி கொடுக்கிற பொறுப்பு அவனுடையது, எல்லாம் தெரிந்தவன். ஆனால் ஒரு ஆள் ஏணியையும் குழாயையும் ஒரே நேரத்தில் தூக்க முடியுமா? வேலியோரம் நின்ற கிளெண்டா போய் ஏணியின் மறுமுனையைப் பிடித்தாள். அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் பயிற்சிக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

“பாட்பை ஆர்டர் எடுக்க வந்தியாம்மா?” என்றார் படைத் தலைவர், சீஃப் டுவைட் கிளிங்கர்.

“இல்ல சீஃப். பூட்ஸ் வாங்க வந்தேன். சின்ன சைஸ் இருக்கா?”

“இருக்கறது ஒரே சைஸ்தான். ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோ.”

ரெண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டாள். குழாய் விரிக்க, பம்பு ஓட்ட, ஏணி சாத்த, எல்லாம் பிடிபட்டது. ஐம்பது பிள்ளைகளுக்கான சூப் பானையைத் தனியாகத் தூக்கி இறக்குகிறவளுக்குக் குழாய்ச் சுருள் ஒரு கனமா? பிடிபடாதது ஒன்றே ஒன்று. முகமூடி. காற்று உருளையை முதுகில் மாட்டி முகமூடியை இறுக்கினதும் அவளுக்கு நெஞ்சு படபடக்கும். கண்ணை மறைத்தால் தீர்ந்தது.

கண்ணை மறைத்துத்தான் ஆக வேண்டும். புகைக்குள் எதுவும் தெரியாது என்பதால் முகமூடிக்குள் மெழுகுத்தாளை ஒட்டிப் பழகுவார்கள். தடுமாறித் தவழ்ந்து, தரையில் கிடக்கிற குழாயைக் கையால் கண்டுபிடித்து, அதைப் பிடித்துக்கொண்டே வெளியே வர வேண்டும். அவர்கள் பழகியது சொந்த நிலையத்திலேயே, பிங்கோ கூடத்தில். மூன்றாவது தடவை கிளெண்டா பாதி வழியில் முகமூடியைப் பிய்த்து எறிந்துவிட்டாள். நிஜப் புகையாக இருந்தால் அதோடு கதை முடிந்தது. கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றுதான் அவளுக்கு இருந்தது.

நேரமும் சரியில்லை. களத்தில் இறங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தீயணைப்புச் சோதனையில் தேறிச் சான்றிதழ் வாங்கிய படைகளுக்கு மாநிலம் ஒரு கௌரவம் கொடுக்கிறது. சுவரில் மாட்டப் பித்தளைப் பட்டயம், வண்டிக் கதவில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர். பக்கத்து ஊர் மில் ஹாலோ படை அந்த ஸ்டிக்கரோடு ஜூலை ஊர்வலத்தில் வந்து, வேண்டுமென்றே கெஸ்லர் கேப் வண்டியை ஒட்டி நிறுத்தும். “எங்க கதவுல என்னமோ ஒட்டியிருக்கு, படிச்சுச் சொல்லு டுவைட்” என்பார்கள். டுவைட் அந்தப் பக்கம் தலையைத் திருப்பமாட்டார்.

அந்த வருஷம் சோதனைக்குப் போக வேண்டியவர்கள் நாலு பேர். கிளெண்டா, இன்னும் இரண்டு பேர், அப்புறம் சீஃப். அவர் படையில் சேர்ந்த காலத்தில் சான்றிதழ் என்று ஒன்று கிடையாது, பின்னால் வந்தபோது அவர் போகவில்லை. நாலு பேரும் தேறினால் முக்கால்வாசி எட்டும். ஒருத்தர் தவறினாலும் எட்டாது. ஆனால் அதற்கு ஒரு சுருக்குவழி இருந்தது. கிளெண்டாவின் பேரைக் களப் பட்டியலிலிருந்து எடுத்து விருந்து, பிங்கோ பார்க்கிறவர்கள் பட்டியலில் போட்டுவிட்டால், மொத்தக் கணக்கில் ஒரு தலை குறையும், மீதி மூன்று பேர் தேறினால் போதும்.

டுவைட் கெட்டவர் இல்லை. தனியாகக் கூப்பிட்டு, கர்ட்டிஸை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

“உன்ன யாரும் அனுப்பல கிளெண்டா. பேரு வேற பட்டியல்ல இருக்கும், அவ்வளவுதான். எல்லாருக்கும் மாஸ்க் ஒத்துக்கணும்னு இல்ல.”

“பகல்ல பேஜர் அடிச்சா நான் வரலாமா?”

“வரலாம். வெளிய நிக்கலாம்.”

“வேலியோரம் நான் ஏற்கெனவே நின்னுட்டேன் சீஃப். சோதனை மே மாசம். அதுவரைக்கும் என் பேர்ல கை வைக்காதீங்க.”

அவர் கர்ட்டிஸைப் பார்த்தார். கர்ட்டிஸ், “மே மாசம் வரைக்கும்னா மே மாசம் வரைக்கும்” என்றான். அவன் எப்போதுமே அவ்வளவுதான் பேசுவான். போகும்போது ஒரு பழைய முகமூடி, ஒரு காற்று உருளை, மூன்று துண்டுக் குழாய் எல்லாவற்றையும் அவள் காரில் ஏற்றிவிட்டான்.

மறுநாள் மத்தியானம் பிள்ளைகள் வகுப்புக்குப் போனதும் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் குழாயை விரித்தாள். மெழுகுத்தாளுக்குப் பஞ்சமில்லை, பிஸ்கட் சுடுகிற இடமாயிற்றே. அந்தக் கூடத்தைக் கூட்டித் துடைக்கிறவன் மில்லர்ட் பென்சிங்கர். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், அன்றைக்கிலிருந்தே ஒருத்தரை ஒருத்தர் வாரிக்கொண்டே இருக்கிறவர்கள்.

“என் தரையில தவழறதுக்கு முன்னாடி கேக்கணும் மகாராணி. இப்பதான் துடைச்சேன்.”

“வாய மூடிட்டு குழாயக் கன்னாபின்னான்னு போடு. எங்க போடறன்னு எனக்குத் தெரியக்கூடாது.”

கன்னாபின்னாவென்று போடுவதில் மில்லர்ட் கைகாரன். மேஜைக் காலைச் சுற்றி, நாற்காலிக்கு அடியில் விட்டு, ஒரு நாள் இருந்த மாதிரி மறுநாள் இருக்காது. முதல் வாரம் முழுக்க அவள் முகமூடியைக் கழற்றிக்கொண்டே இருந்தாள். கழற்றும்போதெல்லாம் அவன் துடைப்பத்தின் மேல் சாய்ந்துகொண்டு, “செத்துட்ட. எந்திரி, மறுபடி போ” என்பான்.

குழாய்த் துண்டுகள் இரண்டு சேருமிடத்தில் உலோக இணைப்பு இருக்கும். அதன் மேல் பிடிமானத்துக்குச் சின்னச் சின்ன மேடுகள். ஒரு பக்கத்து மேடுகள் குட்டை, மறு பக்கத்து மேடுகள் நீளம். நீள மேடு இருக்கிற பக்கம் வண்டி நிற்கும். வண்டி நிற்கிற பக்கம் வெளிவாசல். படையில் சேர்ந்த முதல் வாரமே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். கிளெண்டாவும் ஆட்டியவள்தான். ஆனால் பயம் ஏறும்போது தலையில் இருந்ததெல்லாம் கொட்டிப்போகும், கையில் இருப்பது மட்டும்தான் மிஞ்சும் என்று அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் அவளுக்குப் புரிந்தது. நெஞ்சு படபடத்தால் நகராமல் நின்றுவிடுவாள். அடுத்த இணைப்பு எங்கே என்று கை மட்டும் தேடும். விரல் மேட்டைத் தொட்டதும் மூச்சு இறங்கும். அப்புறம் நகர்வாள். பயம் போகவில்லை. அதைக் கூட்டிக்கொண்டே தவழக் கற்றுக்கொண்டாள்.

“தப்பான பக்கம் போற மகாராணி, அங்க ஃப்ரீசர்தான் இருக்கு” என்று மில்லர்ட் ஒரு நாள் பொய் சொன்னான். அவள் மேட்டைத் தடவிப் பார்த்து, அவன் பேச்சைக் கேட்காமல் நேராகப் போய் வாசலில் முட்டினாள். அன்றைக்கு அவன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மே மாதம் வந்தது. மாவட்டப் பயிற்சி மைதானத்தில் கான்கிரீட் கட்டடம், உள்ளே இயந்திரப் புகை. டுவைட் முதலில் போனார். சீஃப் என்றால் முதலில்தானே போக வேண்டும். ரொம்ப நேரம் ஆயிற்று. கடைசியில் தேர்வாளர் ஒருவர் அவரைத் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். பின்பக்க மூலையில் சுவரைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

என்ன நடந்தது என்று முதலில் யாருக்கும் விளங்கவில்லை. எரிகிற வீட்டுக்குள் அவரைப் போல நிதானமாக நடக்கிற ஆள் அந்த மாவட்டத்திலேயே இல்லை. கர்ட்டிஸ்தான் கட்டடத்துத் தரையைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான்.

“தரை சரியுது சீஃப்.”

“ஆமா. சரியற பக்கமாத்தான் போனேன்.”

கெஸ்லர் கேப் நிலையத்தில் தண்ணீர் ஓடுவதற்காகத் தரை முன்வாசல் பக்கம் சரிந்திருக்கும். அங்கே தவழ்கிற எல்லோருடைய முழங்காலுக்கும் அது தெரியும். குளிர்பெட்டியின் ரீங்காரம் இடது பக்கம், பிங்கோ மேடையின் கம்பள விளிம்பு வலது பக்கம். இத்தனை வருஷமாக அவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு தங்கள் கூடத்தைத்தான் பழகியிருக்கிறார்கள், குழாயை அல்ல. இந்தக் கட்டடத்தில் தண்ணீர் ஓடுகிற துளை பின்மூலையில் இருந்தது.

அடுத்து கிளெண்டா. உள்ளே பாதி தூரத்தில் நெஞ்சு பிடித்துக்கொண்டது. கை முகமூடியின் வாரை நோக்கிப் போனது. அவள் கையைத் திருப்பித் தரையில் வைத்தாள். நின்றாள். குழாயோடு விரலை ஓட்டினாள். குட்டை மேடு, அப்புறம் நீள மேடு. முழங்கால் கீழே சரிந்து போகச் சொன்னது, விரல் மேலே ஏறச் சொன்னது. விரல் பேச்சைக் கேட்டாள். வெளியே வெயிலுக்கு வந்து முகமூடியைக் கழற்றினபோது முகமெல்லாம் வேர்வை. கர்ட்டிஸ் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவனுக்கு அது பெரிய பேச்சு.

மற்ற இரண்டு பேரும் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டார்கள். தவறியது சீஃப் ஒருவர். ஒருத்தர் குறைந்தால் பட்டயம் இல்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் டுவைட் எழுந்தார்.

“ஒருத்தர் பேர எடுத்தா நமக்குக் கிடைச்சிடும். அந்தச் சட்டத்தச் சொன்னவன் நான்தான். என் பேர எடுங்க. விருந்து, பிங்கோ பாத்துக்கறேன்.”

கிளெண்டாதான் பின்வரிசையிலிருந்து பேசினாள்.

“பாட்பை மாவு பிசையத் தெரியுமா சீஃப்?”

“தெரியாது.”

“அப்ப உங்கள அந்தப் பட்டியல்ல சேத்துக்கறது கஷ்டம். ஒருத்தர் பேரும் எடுக்க வேணாம். நாளைக்கு மத்தியானம் ஸ்கூலுக்கு வாங்க. பூட்ஸத் துடைச்சிட்டு வாங்க, இல்லன்னா மில்லர்ட் கத்துவான்.”

“பட்டயம்?”

“அடுத்த வருஷம் குடுக்கமாட்டேன்னா சொல்றாங்க?”

மறுநாள் டுவைட் போனார். மாவட்டத்திலேயே பழைய சீஃப், பள்ளிப் பிள்ளைகள் சிந்திய மக்ரோனிக்கு நடுவே தவழ்ந்தார். “செத்துட்டீங்க சீஃப், எந்திரிங்க” என்று மில்லர்ட் மரியாதையாகவே சொன்னான். அவரோடு கர்ட்டிஸும் போனான். அவனைத் தொடர்ந்து, ஏற்கெனவே சான்றிதழ் வைத்திருந்தவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். அதற்கப்புறம் சொந்த நிலையத்தில் கண்ணை மறைத்துப் பழகுவதே இல்லை என்று படை முடிவு செய்தது. மில் ஹாலோவோடு பேசி, அவர்கள் இங்கே, இவர்கள் அங்கே என்று மாறிக்கொண்டார்கள். ஸ்டிக்கர் ஒட்டிய மில் ஹாலோ ஆட்கள் மூன்று பேர் முதல் சாயங்காலமே பிங்கோ மேடைக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டார்கள். அவர்களைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தவர் டுவைட்.

“உங்க கதவுல என்னமோ ஒட்டியிருந்துச்சே, அதுல வழி போடலியா?” என்றார்.

இலையுதிர் காலத்தில், மான் வேட்டை தொடங்குவதற்கு முன்னால் அவர் சோதனையில் தேறினார். மறு வருஷம் பட்டயம் வந்தது. மாநிலத்திலிருந்து அதைக் கொடுக்க வந்த அதிகாரி, பாட்பை விருந்து நடக்கிற நாளாகப் பார்த்து வந்துவிட்டார். கூடம் நிறையச் சனம். சீஃப் எங்கே என்று கேட்டார். அடுப்படியில் ஏப்ரன் கட்டிக்கொண்டு, முழங்கை வரை மாவோடு டுவைட் நின்றிருந்தார். மாவு கல்லாக இருந்தது.

“அத கிளெண்டாகிட்ட குடுங்க” என்றார் அங்கிருந்தே. “என் கையெல்லாம் மாவு.”

கிளெண்டா வாங்கிக்கொண்டாள். பேசச் சொன்னார்கள், பேசவில்லை. பட்டயத்தைச் சுவரில் மாட்டிவிட்டு நேராக அடுப்படிக்குப் போய், டுவைட்டின் மாவில் விரலை அழுத்திப் பார்த்தாள்.

“செத்துட்டீங்க சீஃப்” என்றாள். “மறுபடி பிசைங்க.”