நுனியில்லாத வாள்

அசலான ஒரு பேட்ஜைப் போலி என்று சொல்லி, சாகக் கிடந்த மனிதரைப் பொய்யராக்கியவன் நான். அப்போது கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். பழைய ராணுவத் தொப்பி பேட்ஜுகளைச் சேகரிப்பேன். விவேக் நகரில் என் வீட்டுக்கு யாராவது ஒன்றைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து, "அசல்தானா சார்?" என்பார்கள். அப்படிக் கேட்கப்படுவது எனக்குப் பிடித்திருந்தது.

மர்பி டவுனில் குடியிருந்து எங்கள் வீட்டுத் துணிகளைத் தைத்துத் தந்த அக்கா ஒரு நாள் கணவரோடு ஒரு பேட்ஜை எடுத்துக்கொண்டு வந்தார். அக்காவின் அப்பா உலகப்போரில் பர்மா வரை போனவர். படுத்த படுக்கையாகிவிட்டார், தம்மை அடக்கம் செய்யும்போது அந்த பேட்ஜைச் சட்டையில் குத்தச் சொல்லியிருந்தார். பட்டாளத்தில் இருந்ததற்கு அவரிடம் வேறு அத்தாட்சி இல்லை. நான் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இயந்திரத்தில் அடித்த பேட்ஜாக இருந்தால், முன்புற உருவம் பின்பக்கம் பள்ளமாகத் தெளிவாகத் தெரியும். இதன் முதுகு சொரசொரவென்று இருந்தது. மணல் அச்சில் வார்த்த பித்தளை. நட்சத்திரத்தின் நடுவிலிருந்த வாளுக்கு நுனியே இல்லை. "பஜார்ல செஞ்ச போலி" என்றேன்.

கணவர் சிரித்தார். "பாத்தியா, மாமா பர்மாவுல வெங்காயந்தான் உரிச்சிருக்காரு!" அக்கா பேட்ஜை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தார். அது இல்லாமலேயே பெரியவரை அடக்கம் செய்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

போன ஆண்டு, மறைந்த ஒரு ராணுவ அதிகாரியின் வீட்டைக் காலி செய்த பேரன் என்னிடம் ஒரு டிரங்குப் பெட்டியைக் கொடுத்தார். உள்ளே பர்மாவில் எடுத்த படைப்பிரிவுப் படமும் ஒரு தொப்பியும் இருந்தன. தொப்பியில் அதே பேட்ஜ். அதே நுனியில்லாத வாள். ஒரே மாதிரியை வைத்து வார்த்தவை. போர்க்காலத்தில் சீமையிலிருந்து பேட்ஜ் வராதபோது, இங்குள்ள பட்டறைகளில் வார்த்து வாங்கி அணிந்திருக்கிறார்கள். நானோ சீமைப் புத்தகங்களை வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

பல நாள் தூக்கமில்லை. ஒருவழியாகத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். அக்கா வீட்டில் இருக்கக் கூடாது என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

இருந்தார். கணவர் டிவியை அணைத்தார். "அப்பா சொன்னது நிஜம். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று தொப்பியை நீட்டினேன்.

அக்கா அந்த வாளைத் தடவிப் பார்த்தார். "கடைசி வரைக்கும், 'நான் பொய் சொல்லலம்மா'ன்னாரு சார். நான், 'காலேஜ் சாரே சொல்லிட்டாரு, பேசாம தூங்குப்பா'ன்னேன்."

தொப்பியை என் பக்கம் தள்ளினார். "இது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம் சார்."

இப்போது கணவர்தான் போன் செய்கிறார். "தினமும் மாமா கல்லறைக்குப் போய் உக்காந்துக்கிறா சார். கூப்பிட்டா வரமாட்டேங்குறா. நீங்க ஒருதடவை வந்து பேசுங்களேன்." வருகிறேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னும் போகவில்லை.