மூன்றாவது விலைப்புள்ளி

எந்தப் பொருளையும் மூன்று விலைப்புள்ளிகள் பெற்று, ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்த பிறகே வாங்க வேண்டும் என்பது அரசு விதி. வீட்டுக்கு ரேடியோ வாங்குபவரை அது கட்டுப்படுத்தாது என்று, அந்த விதியோடு உத்தியோகக் காலம் முழுவதும் குடித்தனம் நடத்திய நான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் மெட்ராஸிலிருந்து நாள்கணக்கில் கப்பலில் போகவேண்டிய லாங் ஐலண்ட் தீவின் மர மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்த என் அப்பா, குடியிருந்தது அரசு 'குவார்ட்டர்ஸ்' என்பதாலோ என்னவோ, கொசுவலைக்குக்கூட மூன்று கடைகளுக்கு எழுதுகிறவர்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. கும்பகோணத்தில் கோயிலை ஒட்டிய வீட்டில் பிறந்த அம்மா, தீவுக்கு வந்து ஐந்து வருடமாக ரம்பத்தின் கீச்சொலியையும் கடலையும் தவிர வேறொன்றும் கேட்காமல் இருந்தார்.

"எனக்கு நியூஸ் வேண்டாங்க. நாயனம் நாயனமா கேக்கணும், கொசு மாதிரி கேக்கக் கூடாது" என்றார்.

அப்பா இதை அலுவலகத் தமிழில் பெயர்த்து, கார்பன் வைத்து மூன்று மெட்ராஸ் கடைகளுக்கு அனுப்பினார். இரண்டு பதில்கள் வந்தன. மூன்றாவது கடைக்கு நினைவூட்டல் ஒன்று, இரண்டு, மூன்று என்று கப்பலுக்குக் கப்பல் போனதில் ஒரு வருடம் கழிந்தது.

அப்போதுதான் மதுரைக்காரக் கண்டிராக்டர் சுப்பையா, மெயின்லேண்டுக்கே திரும்பிப் போகிறவர், ஒரு மாலையில் இரண்டு ரேடியோக்களை எங்கள் மேசையில் கொண்டுவந்து வைத்தார். ஒன்று கையடக்கமான டிரான்சிஸ்டர். மற்றது இரண்டு பேர் தூக்கும், உள்ளே பல்பு போல எரியும் வால்வுகள் கொண்ட 'பல்பு செட்'.

"ஒண்ணு என் மச்சானுக்கு. ஒண்ணு உங்களுக்கு. ஜல்தி சொல்லுங்க சார், காலையில ஜஹாஸ் ஏறணும்!"

அப்பா பட்டியல் போட்டார். டிரான்சிஸ்டர் எந்நேரமும் பாடும். பல்பு செட்டோ மில் ஜெனரேட்டர் மின்சாரம் தரும் மாலை வேளையில் மட்டும். ஒரு வால்வு போனால் மெட்ராஸுக்கு எழுத வேண்டும், அதற்கும் மூன்று கடிதங்கள். எட்டுக் கட்டங்களில் ஏழு டிரான்சிஸ்டருக்கே போயின. எட்டாவது, ஒலி.

முதலில் டிரான்சிஸ்டரைத் திருப்பினார்கள். மெட்ராஸ் கிடைத்தது. நாயனந்தான், யாரோ தீப்பெட்டிக்குள் உட்கார்ந்து வாசித்தார்கள்.

"கொசு" என்றார் அம்மா.

ஆறு மணிக்கு மின்சாரம் வந்தது. தென்னைகளுக்கிடையே சுப்பையா கட்டிய செம்புக் கம்பியைப் பல்பு செட்டில் மாட்டினார்கள். பெட்டி ஒன்றும் பேசவில்லை. பின்பலகைத் துளைகளுக்குள் வால்வுகள் மெல்லச் சிவந்தன. சூடேறிய மெழுகு வாசனை வந்தது. முகப்பில் ஒரு பச்சைக் கண் திறந்தது. பிறகு தவிலின் அடி மேசையில் விழுந்து, மேசையிலிருந்து என் முழங்கைக்கு ஏறியது. அதன்மேல் நாயனம் எழுந்தபோது அலமாரியில் டம்ளர்கள் அதிர்ந்தன. அலைபோல் அது ஒதுங்கிப் போய், நாங்கள் மூச்சடக்கிக் காத்திருக்க, முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வந்தது. நாங்கள் கப்பலில் நாள்கணக்கில் வாந்தியெடுத்துக் கடந்த தண்ணீரை, எங்கோ ஒருவர் ஊதிய மூச்சு அக்கணமே தாண்டி எங்கள் மரவீட்டுக்குள் வந்து நின்றது. எனக்கு ரோமம் சிலிர்த்தது இன்றும் நினைவிருக்கிறது.

அப்பா மட்டும் பேனாவோடு, "மூணாவது கொட்டேஷன் இன்னும் வரலியே" என்றார்.

"அட சார்! அதுக்காகக் கப்பலை நிறுத்தச் சொல்லவா?" என்றார் சுப்பையா.

அம்மா பெட்டியின் மேல் கையை வைத்தார். "அது வரும்போது வரட்டுங்க. இது போகக் கூடாது."

அப்பா பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார். எட்டாவது கட்டத்தில் 'இல்லத்தாரின் செவி' என்று எழுதிப் பேனாவை மூடினார். வாழ்நாளில் அவர் மீறிய ஒரே விதி, அவருக்குப் பொருந்தாத விதி.

இப்போது குட்வில் எஸ்டேட் குடியிருப்பில் என் வீட்டில், பாட்டுக் கேட்பதற்காகக் கணினிக்கு ஒரு சவுண்ட் கார்டு தேர்ந்துகொண்டிருக்கிறேன். திரையில் மூன்று கடைகள், எட்டுக் கட்டங்கள். எந்தக் கட்டத்திலும் டம்ளர் அதிருமா என்று சொல்லவில்லை. அந்தத் தென்னைகளுக்கிடையே கம்பி இல்லை, வால்வு விற்கும் கடை இல்லை, 'கொசு' என்று தீர்ப்புச் சொல்ல அம்மாவும் இல்லை. அப்பாவின் கோப்பு மட்டும் இருக்கிறது. அதன் கடைசித் தாள், பெட்டி வாங்கிய பிறகு வந்து சேர்ந்த மூன்றாவது கடையின் பதில்: தீவு வாழ்க்கைக்கும் இசைக்கும் டிரான்சிஸ்டரே சிறந்தது. ஓரத்தில் அப்பாவின் நீல மை: 'பார்த்தேன். பெட்டி பாடிக்கொண்டிருக்கிறது. கோப்பு முடிக்கலாம்.'