செல்வி அக்கா கேட்ட இரண்டு ஸ்டிக்கர்

ஒரு ஸ்டிக்கருக்காக நான் அவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டது அந்த ஒருமுறைதான். மலையகத்து வட்டவளையில் நாங்கள் நடத்திய தேயிலைத் தோட்ட மக்கள் மாநாட்டுக்கு டீசேர்ட்டும், பெயர் எழுதி நெஞ்சில் ஒட்டிக்கொள்ள ஸ்டிக்கரும் அடிக்கத் திட்டமிட்டோம். பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் செல்வி அக்கா ஏற்பாட்டுக் கூட்டத்தில் எழுந்தார்.

"எனக்கு டீசேர்ட் வேணாங்க தம்பி. ரெண்டு ஸ்டிக்கர் குடுங்க, போதும்."

"ரெண்டு எதுக்குக்கா?"

சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். மாநாட்டன்று அவர் நெஞ்சில் ஒன்றுகூட இல்லை.

பிறகொரு நாள் அவர் குடியிருக்கும் லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, போனேன். எல்லாக் கதவிலும் தோட்ட நிர்வாகம் எழுதிய இலக்கம். அவர் கதவில் மட்டும் இலக்கத்தை மறைத்து எங்கள் ஸ்டிக்கர்: 'செல்வி வீடு'.

"தோட்டத்துத் தொரை பாத்தா பிச்சுப் போடச் சொல்லுவாரேக்கா?"

"அதுக்குத்தானே தம்பி ரெண்டு கேட்டேன்."