ஐஸ்கிரீம் பெட்டிக்குள் என் ரத்தம்

மலைமேல் உள்ள திண்ணனூர் நாட்டில் கிராம செவிலியராக எனக்கு அது ஏழாவது ஆண்டு. ஒரு நாள் காலையில் என் கண்கள் திறக்கவில்லை. இமைகள் விழியோடு ஒட்டிக்கொண்டிருந்தன. விரலால் பிரித்தபோது தோலை உரிப்பது போல வலித்தது.

அதற்கு முன்பே பல மாதங்களாக மணல் விழுந்தது போன்ற உறுத்தல் இருந்தது. ஒற்றையடிப் பாதைகளில் ஊர் ஊராக நடக்கிறவள்; வெயிலும் காற்றும்தான் காரணம் என்று நானே முடிவு செய்து, மருந்துக் கடையில் கிடைத்த சொட்டு மருந்தோடு காலத்தைத் தள்ளினேன். வீடு வீடாகப் போய், "தள்ளிப் போடாதீங்க, டாக்டரைப் பாருங்க" என்று மற்றவர்களுக்குச் சொல்வதுதான் என் வேலை.

சேலத்தில் கண் மருத்துவர் என் கீழ் இமைக்குள் மெல்லிய தாள் துண்டு ஒன்றைச் செருகிவிட்டு ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்கச் சொன்னார். கண்ணீர் ஊறி அந்தத் தாள் நனைய வேண்டும். எடுத்துப் பார்த்தார். செருகியபடியே காய்ந்து கிடந்தது.

"நீங்க கடைசியா எப்பம்மா அழுதீங்க?" என்று கேட்டார்.

யோசித்தேன். நினைவில் இல்லை.

என் உடம்பின் எதிர்ப்பு சக்தியே கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கி அழித்துக்கொண்டிருந்தது. கருவிழி முழுக்கக் கீறல்கள். சாதாரண சொட்டு மருந்து இனி போதாது என்ற மருத்துவர், அடுத்துச் சொன்னதை என்னால் நம்ப முடியவில்லை. என் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, உறைய வைத்து, சுழற்றி, மேலே தெளியும் மஞ்சள் நீரை மட்டும் பிரித்து, உப்பு நீர் கலந்து கண்ணில் விடுவார்களாம். எத்தனையோ கர்ப்பிணிகளின் விரலில் ஊசி குத்தி ரத்தம் பார்த்தவள் நான். இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. என் ரத்தத்தை, என் கண்ணிலேயா?

நோய்த் தொற்று எதுவும் இல்லை என்று சோதித்த பிறகே மருந்து தயாரித்தார்கள். சின்னச் சின்னக் குப்பிகளாக ஐஸ் வைத்த பெட்டியில் கொடுத்தார்கள். உறைநிலையிலேயே வைக்க வேண்டும்; வாரம் ஒரு குப்பியை மட்டும் எடுத்துச் சாதாரண பிரிட்ஜில் வைத்துப் பயன்படுத்த வேண்டும். அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து பஸ்ஸில் ஒவ்வொரு வளைவாக மலையேறினேன்.

என் வீட்டுப் பிரிட்ஜில் ஐஸ் சரியாகக் கட்டாது. சுகாதார நிலையத்தில் நல்ல குளிர்பெட்டி உண்டு. ஆனால் அதில் தடுப்பூசியைத் தவிர வேறு எதையும் வைக்கக் கூடாது. மிச்சமிருந்தது, பஸ் நிற்கும் இடத்திலுள்ள மளிகைக் கடையின் ஐஸ்கிரீம் பெட்டி. கரண்ட் போனாலும் ஒரு நாள் தாங்கும். கடைக்கார அக்கா என்னிடம் பிரியமானவர். அவருடைய இரண்டு பேறுகாலத்துக்கும் நான்தான் கூட நின்றேன்.

"என்ன மருந்துங்க நர்சம்மா?"

"கண்ணு மருந்துங்க அக்கா. குளுர்ல இருக்கோணும்."

அவ்வளவுதான் சொன்னேன். குப்பிகளில் 'ரத்தத்திலிருந்து தயாரித்தது, இவருக்கு மட்டும்' என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். முந்தின நாளே ஒவ்வொன்றாக உரித்துவிட்டிருந்தேன். ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் ரத்தமா என்று அருவருப்பார், இடம் கொடுக்க மாட்டார், எனக்கு ஏதோ நோய் என்று பேச்சு கிளம்பும் என்றெல்லாம் பயந்தேன்.

ஐந்து வாரத்தில் காலையில் இமை ஒட்டுவது நின்றது. வெளிச்சத்தை நிமிர்ந்து பார்க்க முடிந்தது. ஆறாவது திங்கட்கிழமை கடைக்குப் போய், ஐஸ்கிரீம் பெட்டிக்குள் குப்பிகளைப் போட்டு வைத்திருந்த டப்பாவைத் திறந்தேன். ஒரு குப்பி குறைந்தது.

"நாந்தானுங்க எடுத்தேன்," என்றார் அக்கா, சிரித்த முகமாக. "மொளகு பறிக்கையில அவருக்குக் கண்ணுல எல குத்திப்போடுச்சு. செவசெவன்னு இருந்துச்சா, உங்களுக்குத்தான் நல்லாக் கேக்குதேன்னு மூணு நாளா ரெண்டு ரெண்டு சொட்டு உடறேன். உங்களுக்கு வேற வாங்கிக்கலாமுங்களே?"

 ஒருவர் ரத்தம் இன்னொருவர் கண்ணில். 

"அக்கா... அது கடையில வாங்குன மருந்து இல்லீங்க. என் ரத்தமுங்க."

"ரத்தமுங்களா? மஞ்சத் தண்ணியாட்டம் இருந்துச்சுங்களே!"

தன் விரல்களை விரித்துப் பார்த்தார். பிறகு ஓடிப்போய்த் தொட்டித் தண்ணீரில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். உள்ளே கட்டிலில் படுத்திருந்த அவர் கணவர் எழுந்து வாசலுக்கு வந்தார்.

"அடுத்தவங்க ரத்தத்தையா என் கண்ணுல உட்ட?" என்று மனைவியைக் கேட்டார். என்னை அவர் பார்க்கவேயில்லை.

நான் செல்போன் விளக்கைப் போட்டு அவர் இமையை விலக்கினேன். அடுத்த அதிர்ச்சி அங்கே இருந்தது. கருவிழியின் நடுவே வெள்ளையாக ஒரு புள்ளி, மிளகு அளவுக்கு. இலை கீறிய இடம் புண்ணாகிச் சீழ் பிடித்திருந்தது.

அடுத்த பஸ்ஸில் மூன்று பேரும் மலையிறங்கிச் சேலம் போனோம். அவர் துண்டால் கண்ணைப் பொத்தியிருந்தார். 

என்னைப் பார்த்த அதே மருத்துவர்தான் அவரையும் பார்த்தார். பூஞ்சைத் தொற்று என்றார். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பார்வை போயிருக்கும். நடந்ததை நான் சொல்லச் சொல்ல, அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"சீட்டை ஏன் உரிச்சீங்க? நீங்க நர்சுதானே?"

பிறகு மருத்துவரே என் ரத்தச் சோதனை அறிக்கையைக் காட்டி, பயப்பட வேண்டாம் என்று அவர்களிடம் விளக்கினார். ஆனாலும் அக்காவின் கணவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள். ஊசி ஏறும்போது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தவறு அவருடையதல்ல. கண் மருந்து என்று சொன்னேன், கண்ணுக்கு விட்டார். ஒன்றை ஒளித்துவைத்தவள் நான்.

மலைக்குத் திரும்பியதும் டப்பாவை எடுத்துப் போகக் கடைக்குப் போனேன். அக்கா பெட்டியின் மூடியில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்கீங்க கொண்டு போவீங்க? இங்கயே இருக்கட்டும். ஆனா இனி எதுன்னாலும் சொல்லிப்போட்டு வைங்க நர்சம்மா."

அன்றே குப்பிகள் ஒவ்வொன்றிலும் என் பெயரையும் 'ரத்தம்' என்பதையும் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். நான் பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. ஐஸ்கிரீம் வாங்க வந்த ஒரு பெண் மட்டும் படித்துவிட்டு, "இதுனால கண்ணு தெரியுதுங்களா?" என்று கேட்டாள். ஆமாங்க என்றேன்.

மணிக்கொரு தரம் மருந்து விட்டு அக்கா கணவருடைய புண் ஆற இரண்டு மாதம் ஆனது. சிறு தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணில் பார்வை கொஞ்சம் மங்கல்தான். இரண்டாவது ரத்தச் சோதனையிலும் குறை எதுவும் இல்லை என்ற தாளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகப் படித்தார்.

"உங்க ரத்தம் எங்கண்ணுக்குள்ள போயிருச்சுங்க. இனி உங்களுக்கு நான் பங்காளி மொற ஆகோணுமில்லீங்களா?" என்றார்.

அக்கா சிரித்தார், அவரும் சிரித்தார். என்னால் முடியவில்லை. அந்தத் தழும்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.