சிவபாதம் அண்ணை வெட்டிய சொல்

சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விலை கேட்டுக்கொண்டு நின்றபோது, சிவபாதம் அண்ணை போய்விட்டார் என்று தொலைபேசியில் சொன்னார்கள். நான் நம்பவில்லை. இன்னும் இரண்டு பேரிடம் விசாரித்தேன். அது அவரிடமிருந்து எனக்குத் தொற்றிய பழக்கம்.

சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்களாக நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். அவர் அகராதியை நம்பமாட்டார். என்னை அறவே நம்பமாட்டார். கடிதத்தில் நாயோ நரியோ தலைகாட்டினால் பேனாவை மூடிவிடுவார். "மிருகம் வந்தால் எழுதின ஆளை நீர் கூப்பிடும். ஏன் அப்பிடிச் சொன்னது எண்டு கேளும்," என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள் கரவெட்டியிலிருந்து ஒரு தாய் வந்தார். யாரோ கொடுத்துவிட்ட பையில் போதைப்பொருள் இருந்ததால், அவருடைய மகன் ஸ்பெயினில் பிடிபட்டு மறியலில் இருந்தான். தாயின் வாக்குமூலத்தை நான் ஆங்கிலமாக்க வேண்டும். அங்கே அதை ஸ்பானிய மொழிக்கு மாற்றுவார்கள். "என்ரை பிள்ளை மாடு மாதிரி உழைக்கிறவன்" என்று தாய் சொல்லியிருந்தார். ஆங்கிலத்துக்கு அதுதான் அழகு என்று நான் மாட்டைக் கோவேறு கழுதையாக்கினேன்.

"உது எனக்குச் சரியாப் படேல்லை," என்று அண்ணை அந்தச் சொல்லை வெட்டினார். தாயை இருத்தி வைத்துக் கேட்டு, மகன் விடியமுன் எழும்பித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்ததையும் பின்னேரம் மேசன் வேலைக்குப் போனதையும் எழுதினார். என் ஆங்கிலத்தில் மனுசனுக்குப் பொறாமை என்று நினைத்தேன். அவர் வெளியே போன நேரம் பார்த்து, என் கடதாசியைத் தாயிடம் கொடுத்து, இதையே அனுப்பச் சொன்னேன்.

"பழையதைக் கிழிச்சீரோ?" என்று திரும்பி வந்த அண்ணை கேட்டார்.

"ஓம் அண்ணை," என்றேன்.

மகன் விடுதலையாகி வந்தான். நேற்று செத்தவீட்டில் தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டு நின்றவன் அவன்தான். தாய் என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"தம்பி, அண்டைக்குப் பின்னேரமே அவர் பஸ்ஸிலை எங்கடை வீட்டை வந்தவர். உங்கடை கடதாசியை வாங்கிப்போட்டுத் தன்ரையைத் தந்தவர். ஆரிட்டையோ விசாரிச்சவராம். அந்த நாட்டிலை உந்தக் கழுதை எண்டால் தூள் காவிக் கடத்துற ஆளாம். பெத்த தாயே சொல்லிப்போட்டாள் எண்டிருப்பினம். உங்களுக்குச் சொல்லவேண்டாம், மனம் நோகும் எண்டவர்."

அந்தப் பிள்ளையை மீட்டது என் ஆங்கிலம்தான் என்று அண்ணைக்கு முன்னாலேயே எத்தனை தரம் பெருமையடித்திருப்பேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். வெட்கமாக இருக்கிறது.

அவருடைய சந்தேகத்தை நான் வைத்துக்கொள்கிறேன். இனி என்னிலிருந்துதான் தொடங்குவேன்.