ஆகஸ்ட் பன்னிரண்டு, ஞாயிறு

ஷவுகத் அலி நல்ல மனிதர் என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நல்ல கம்போசிட்டர் என்பதை யோசிக்காமலே சொல்லிவிடலாம். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஒரு சின்ன அச்சகத்தில் இருபது வருடத்துக்கு மேலாக நின்றபடியே எழுத்துக் கோத்தவர். கல்யாணப் பத்திரிகை, ஆடித் திருவிழா, தேர்தல், கண்டனக் கூட்டம் எல்லாம் அவர் விரல் வழியாகத்தான் ஊருக்குள் போயின. எந்தக் கட்சியிலும் அவர் இல்லை. ஆனால் எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் முதல் அழைப்பு தனக்குத்தான் வருகிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

1974-இல் அந்தப் பெருமைக்கு ஒரு காரணமும் கிடைத்தது. அரசியல் வரலாற்றுக்கென்று பல்கலைக்கழகம் நடத்திய ஆவணக் காப்பகம் ஒன்று, நகரத்தில் இடம் போதாமல் திருமுல்லைவாயில் ஸ்டேஷனை ஒட்டிய பழைய கிடங்குக்கு வந்திருந்தது. அதன் ஐந்தாம் ஆண்டு விழாவுக்குக் கண்காட்சி வைக்க எண்ணி, பொறுப்பாளரான சொர்ணம் என்ற பெண்மணி சுற்றுவட்டாரத்துத் துண்டு நோட்டீஸ்களைச் சாக்குச் சாக்காகச் சேர்த்தார். சேர்த்த பிறகுதான் தெரிந்தது, ஒன்றிலும் வருடம் இல்லை. அடுத்த வாரம் நடக்கப்போகிற கூட்டம் எந்த வருடம் என்று யாரும் கேட்பதில்லை. வருடம் என்பது பிற்பாடு வருகிறவர்களுக்குத்தான் தேவைப்படுகிறது.

தேதியும் கிழமையும் சேர்ந்து இருந்த நோட்டீஸ்களைச் சொர்ணம் ஒரு பழைய காலண்டர் புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே வருடவாரியாகப் பிரித்தார். ‘வருகிற ஞாயிறு மாலை’ என்று மட்டும் சொன்னவற்றை, அடியில் இருந்த அச்சகத்தின் பெயரைப் பார்த்து, ஷவுகத் அலியிடம் கொண்டுவந்தார். அவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலைப்பில் வரும் பெரிய ‘ம’ ஒரு மூலை நசுங்கியிருந்தால் அறுபத்துநாலுக்குப் பிறகு, அந்த வருடம்தான் அது மெஷினுக்கு அடியில் விழுந்தது. காகிதம் பழுப்பாக இருந்தால் முதலாளி மலிவாக வாங்கிப்போட்ட வருடம். இப்படி நானூறு நோட்டீஸுக்கு வருடம் சொன்னார். சொர்ணம் சில இடங்களில் செய்தித்தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்றும் பிசகவில்லை. விழாவில் சால்வை போர்த்துவதென்று முடிவாயிற்று.

விழா நாளன்று வஹீதுன்னிசா கணவரின் சட்டைக்கு இரண்டு தரம் இஸ்திரி போட்டாள். “சால்வ போடறப்போ கொஞ்சம் குனிஞ்சி வாங்கிக்கோங்க. மொறைச்சிகினு நிக்காதீங்க” என்று சொல்லி அனுப்பினாள்.

கூட நாகப்பனும் கிளம்பினார். பாரிவாக்கத்துக்காரர். ஒரு காலத்தில் வயல்வேலை செய்தவர், இப்போது அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஷவுகத் அலிக்குப் பதினெட்டு வருடப் பழக்கம். பஸ் நிலையத்தில் டீக்கடைக்காரர் துலுக்கானம் நாகப்பனைப் பார்த்ததும் வழக்கம்போல ஆரம்பித்தார்.

“இன்னா ரெண்டு நாளு, கூட்டம் இன்னிக்கா, நாளிக்கா?”

நாகப்பன் சிரித்தார். அந்தப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டு வெகுநாள் ஆகிறது. 1961-இல் வயல் கூலியை உயர்த்தச் சொல்லி அவர் பாரிவாக்கத்தில் ஒரு கூட்டம் போட்டார். நோட்டீஸுக்கு வாசகம் அவரே எழுதினார். இருபத்தைந்து வயதுக்குமேல் மன்றத்துப் படிப்பகத்தில் எழுத்துக் கூட்டக் கற்றவர் முதல்முதலாக எழுதிய ஒரு பக்கம் அது. நோட்டீஸ் ‘ஆகஸ்ட் 12, ஞாயிறு’ என்று வெளிவந்தது. ஆனால் அந்த ஞாயிறு பதிமூன்றாம் தேதி. தேதியை நம்பினவர்கள் சனிக்கிழமையே முந்நூறு பேர் வெறும் களத்துக்கு வந்து, திட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் மேடையும் மைக்செட்டும் இருந்தன, ஆள்தான் நாற்பது பேர். கூட்டம் எப்படியோ நடந்தது. ஷவுகத் அலி, எழுதிக்கொடுத்தபடிதான் கோத்தேன் என்று சொல்லிவிட்டார். நாகப்பன் மறுக்கவில்லை. கற்றுக்குட்டிதானே, கை தவறியிருக்கும் என்று ஒப்புக்கொண்டார். அதற்கப்புறம் கடிதமோ மனுவோ எதுவானாலும் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துச் சொல்லிச் சொல்லித்தான் எழுதவைப்பார். தன் கையால் எழுதியது கையெழுத்து மட்டும்தான்.

அந்தச் சனிக்கிழமை மாலையே ஷவுகத் அலி, கம்பியில் குத்திவைத்திருந்த அசல் தாளை எடுத்துப் பார்த்திருந்தார். அதில் உருண்டையாக, அழுத்தமாக, 13 என்று இருந்தது. மூன்று என்ற எண்ணின் அச்சுகள் கிடக்கும் அறையில் ஒரு ‘2’ கலந்து கிடந்திருக்கிறது, கை பார்க்காமல் எடுத்துவிட்டது. அச்சகத்தில் இதெல்லாம் நடப்பதுதான். ஆனால் அவர் அந்தத் தாளை அடுப்பில் போட்டார். அதைக் கை பார்க்காமல் செய்ததாகச் சொல்ல முடியாது.

கிடங்குக்குள் சுண்ணாம்பு வாசனை. சுவர் நெடுக நோட்டீஸ்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு அட்டை. விழா தொடங்க இன்னும் நேரம் இருந்தது. ஷவுகத் அலி தான் வருடம் சொன்னவற்றை நாகப்பனுக்குக் காட்டிக்கொண்டே வந்தார். வயல் கூலிக்கான போராட்டம் என்று ஒரு பகுதி. அங்கே முதலில் முத்தாபுதுப்பேட்டை நோட்டீஸ், அட்டையில் ‘இவ்வட்டாரத்தின் முதல் கூட்டம், ஜனவரி 1962’ என்று இருந்தது. அதற்கு அடுத்து மாட்டியிருந்தது பாரிவாக்கம் நோட்டீஸ். ‘இரண்டாவது கூட்டம், ஆகஸ்ட் 1962.’

ஷவுகத் அலிக்கு உடனே விளங்கிவிட்டது. பன்னிரண்டாம் தேதி ஞாயிறாக வருவது அறுபத்திரண்டில். காலண்டர் பொய் சொல்லவில்லை. அவர் கோத்த பொய்யைத்தான் அது நம்பியிருக்கிறது.

நாகப்பன் இரண்டு அட்டைகளையும் உதடு அசைய வாசித்தார். மறுபடி ஒரு தரம் வாசித்தார்.

“நாமதான் மொதல்லனு நெனச்சிகினு இருந்தேன் பாய்” என்றார். “படிச்சவங்க பாத்து எய்திகீறாங்க. எனக்குத்தான் நெனப்பு தப்பிப்போச்சி போல.”

அதைச் சண்டையாகச் சொல்லியிருந்தால் ஷவுகத் அலி வாயைத் திறந்திருக்கமாட்டார். இந்த மனிதர் இரண்டாவது தடவையும் தன்னையே சந்தேகப்பட்டு நின்றார். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரியாது என்பதற்குப் பல்கலைக்கழகமே சாட்சி. இன்னும் அரை மணி நேரத்தில், தேதியில் பிசகாதவர் என்று சால்வை வேறு.

“நாகப்பா, ஒன் தாளுல பதிமூணுன்னுதான் இருந்திச்சி. பன்னெண்டு போட்டவன் நானு.”

நாகப்பன் நோட்டீஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஒனக்கு எப்போ தெரியும்?”

“அன்னிக்கே. சனிக்கெயம சாயங்காலமே.”

நாகப்பன் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். ஷவுகத் அலி எல்லாவற்றுக்கும் தயாராக நின்றார். நாகப்பனின் தோள் குலுங்கியது. பார்த்தால், மனிதர் சிரிக்கிறார்.

“அப்போ நான் சரியாத்தான் எய்திகீறேன்” என்றார். “மொதல் தபாவே சரியா எய்திகீறேன்டா.” பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஒன்னிய சும்மா உட மாட்டேன் பாய். இதை மைக்குல சொல்லு” என்றார்.

சொர்ணத்திடம் முதலில் சொல்லவேண்டியிருந்தது. அவர் காலண்டரைப் புரட்டினார். பதிமூன்று, ஞாயிறு, 1961. தலையை ஆட்டினார். அடுத்த கணமே முகம் வாடியது.

“இதுமாதிரி இன்னும் எத்தனை இருக்கு?”

“தெரிஞ்சது இது ஒண்ணுதான் மேடம். தெரியாதது எத்தினி கீதோ.”

காலண்டரைப் பார்த்து வருடம் போட்ட கட்டு முழுவதையும் விழா முடிந்ததும் மறுபடி சரிபார்க்க ஷவுகத் அலியிடம் தரப்போவதாகச் சொர்ணம் சொன்னார். அதைச் சொன்ன குரலில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது. அது நியாயம்தான். பிறகு இரண்டு புது அட்டைகளையும் பேனாவையும் எடுத்து நாகப்பனிடம் நீட்டினார். சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள் என்று அவர் பின்வாங்கினார். சொர்ணம் கையை மடக்கவில்லை. நாகப்பன் பெஞ்சில் அட்டையை வைத்துத் தரையில் குந்தி, ‘முதல் கூட்டம், பாரிவாக்கம், 13 ஆகஸ்ட் 1961’ என்று எழுதி முடிப்பதற்குள் தலைமை விருந்தாளியின் கார் வந்துவிட்டது. விருந்தாளி காத்திருந்தார். முத்தாபுதுப்பேட்டைக்கு ‘இரண்டாவது’ என்று எழுதும்போது நாகப்பனின் கை இன்னும் வேகமாக ஓடியது.

ஷவுகத் அலி குனிந்துதான் சால்வை வாங்கினார். மைக்கில் சொல்லவேண்டியதைச் சொன்னார். கூட்டம் முதலில் விழித்தது, பிறகு சிரித்தது. கைதட்டலும் இருந்தது, ஆனால் அது அவ்வளவு பெரிதில்லை.

சாயங்காலம் வரை நாகப்பன் தன் நோட்டீஸை விட்டு நகரவில்லை. வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி விளக்கினார். “எய்தினதுல தப்பில்ல, அச்சுலதான் தப்பு. தப்பு பண்ண ஆளு அதோ, சால்வ போட்டுகினு நிக்கறான் பாருங்க.” அந்தப் பக்கமிருந்து ஷவுகத் அலி ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கிக் காட்டினார். நாலைந்து கும்பல் கடந்தபிறகு, நாகப்பன் சொல்ல ஆரம்பிக்கும்போதே கை உயர்ந்துவிட்டது.