அத்தை சாயல்

சுனாமிக்கு அடுத்த ஆண்டு, சுசீந்திரத்தில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் இருந்த என் மகளின் கன்னத்தைக் கிள்ளி, "அத்தைய உரிச்சு வச்சிருக்கால்லா!" என்றாள் என் மதினி. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. எடுத்த கவளத்தை நான் இலையிலேயே வைத்துவிட்டேன்.

அந்த அத்தை, என் தங்கை, பதினேழு வயதில் இறந்துபோனாள். வயிறு உப்பியிருக்கும், நாலு படி ஏறினால் மூச்சு இளைக்கும். இதயத்தின் உள்சுவர் தடித்து இறுகிவிட்டது என்றார்கள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஓயாத வயிற்றுப்பூச்சித் தொல்லை. வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்ததோடு சரி. அதையும் இதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் இரண்டும் சேர்ந்தன. மாத்திரை போட்டும் மகளுக்குப் பூச்சி திரும்பத் திரும்ப வந்தது. ரத்தத்தில் ஒருவகை வெள்ளணு கூடிக்கிடந்தது. இரணியலில் ரயிலேறித் திருவனந்தபுரம் போனோம். தங்கையைப் பற்றிச் சொன்னதும் டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"பூச்சி எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். சிலருக்கு மட்டும் அதோட கேடு இதயம் வரைக்கும் போகும். ஏன்னு தெளிவாத் தெரியல. குடும்ப வழியா வர்ற ஏதோ ஒண்ணா இருக்கலாம்."

"இவளுக்கு?"

"ஸ்கேன்ல இப்போ ஒண்ணுமில்ல. அடுத்த வருஷமும் கொண்டு வாங்க."

"அப்போ பயப்பட வேண்டாமா?"

"பயப்படண்டாம்னு உறுதியாச் சொல்ல என்னால முடியாது."

திரும்பி வந்ததும் மகளுக்குப் புதுச்செருப்பு வாங்கினேன். தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொன்னேன். வயல் பக்கம் விளையாடப் போகக்கூடாது என்றேன். பூச்சியைத் தடுக்கலாம். என் வழியாக அவளுக்குள் ஏற்கெனவே போயிருக்கக்கூடியதை?

பந்தியில், "அப்படிச் சொல்லாதீங்க மதினி" என்றேன்.

"ஏன் கொழுந்தனாரே, மகளுக்குக் கண்ணு பட்டிருமா? மொதல்ல ஒங்க கண்ணுக்குத்தான் சுத்திப் போடணும். இப்படியா வச்ச கண்ணு எடுக்காமப் பாக்கது?"

பந்தியே சிரித்தது. மகள் சிரிக்கவில்லை.

"ஏம்ப்பா, அத்த நல்லா இருக்க மாட்டாளா?"

"நல்லா இருப்பா மக்கா."

"அப்போ நான் அத்த மாதிரி இருந்தா என்ன?"

மாடியில் ஐஸ்கிரீம் என்று யாரோ கத்தினார்கள். பதிலுக்கு நிற்காமல் பிள்ளைகளோடு படியேறி ஓடினாள். நான் எச்சில் கையோடு படியடியில் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் தடதடவென்று இறங்கி வந்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும்தான் மூச்சு வாங்கியது. நான் அவளுடையதை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன்.